இரண்டு விரற்கடை

ஐந்தாவது வாரமும் அதே புகாரோடுதான் சங்கரலிங்கம் மாடிப்படி ஏறி வந்தார். இந்த முறை மனைவி உலகம்மாளையும் கூட்டி வந்திருந்தார்.

தென்காசியில் ஒரு ரெக்சின் கடைக்கு மேலே இருந்தது ஃபரீதாவின் ஸ்டூடியோ. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். ஃபரீதாவுக்கு வயது முப்பத்து மூன்று. மாணவருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். கையில் இருந்தது, ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் வாங்கிக் கொடுத்த கேமரா.

அதை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், லென்ஸ் பழுது."

"போன வாரம் பேட்டரின்னு சொன்னீங்க."

"பேட்டரி மாத்தியாச்சு. இப்போ லென்ஸ்தான்."

ஃபரீதா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாற்பத்தொரு படங்கள். எல்லாமே உலகம்மாளின் முகம். எல்லாவற்றிலும் மூக்குத்தி துல்லியமாக இருந்தது. அதன் ஏழு கற்களையும் எண்ணலாம். கண்கள் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தன.

"கண்ணுலதான் ஃபோகஸ் வச்சீங்களா?"

"கண்ணுலதான். கட்டம் பச்சையாகுது. பீப்னு சத்தமும் வருது. ஒன், டூ, த்ரீ சொல்லி அமுக்குதேன். பார்த்தா மூக்குத்தி. உங்க பாடத்துலதான் ஏதோ கோளாறு."

"லென்ஸ் துளையைக் கொஞ்சம் சுருக்கி வச்சு எடுக்கச் சொன்னேனே."

"எடுத்தேன். வெளிச்சம் பத்தல, படமே குலுங்கிருச்சு. போதாததுக்கு இவ வேற ஆடுதா. ஆடாதே ஆடாதேன்னு அஞ்சு வாரமா கத்துதேன்."

"நான் ஆடல," என்றார் உலகம்மாள், சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டே.

"நீ பேசாம இரு."

ஃபரீதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், புதன்கிழமை ஆபரேஷன். நான் ரெண்டே நிமிஷத்துல எடுத்துத் தாரேன். இதையும் அஞ்சாவது தடவையாச் சொல்லுதேன்."

"வேண்டாம்."

உலகம்மாளின் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. மதுரையில் கண்ணையே எடுத்துவிடப் போகிறார்கள். பிறகு செயற்கைக் கண் வைப்பார்கள். இப்போதைக்கு வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு கண்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"ரெண்டு கண்ணோட ஒரு படம் வேணும். அதை நான்தான் எடுக்கணும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இவளை நான் ஒரு படம்கூட எடுத்ததில்ல, டீச்சர்."

"எல்லாத்துக்கும் சேர்த்து இப்ப வாட்டுதாரு," என்றார் உலகம்மாள்.

ஃபரீதா எழுந்தார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உலகம்மாளை உட்காரவைத்தார். மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, லைட் ஸ்டாண்டில் டேப் வைத்து ஒட்டினார். ஸ்டாண்டை நகர்த்தி, குச்சி உலகம்மாளின் கண்ணோரத்துக்கு நேராக வரும்படி நிறுத்தினார்.

"கேமராவைக் கீழ வைங்க, சார். இப்படிப் பக்கவாட்டுல வந்து நில்லுங்க. குச்சியையும் கண்ணையும் மட்டும் பாருங்க. எப்பவும்போல எண்ணுங்க."

"கேமரா இல்லாமலா?"

"எண்ணுங்க."

சங்கரலிங்கம் நிமிர்ந்து நின்றார்.

"ரெடி. ஒன். டூ. த்ரீ."

கீழே ரெக்சின் கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். உலகம்மாளின் முதுகு நாற்காலியில் ஒட்டியது. மோவாய் உள்ளே போனது. கண், குச்சியை விட்டு இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. கண் இருந்த இடத்துக்கு மூக்குத்தி வந்திருந்தது.

"பார்த்தீங்களா. ஆடுதா. இதைத்தான் நான் தலைதலையா அடிச்சிக்கிட்டேன்."

"நான் எங்க ஆடினேன்?" என்றார் உலகம்மாள். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"அப்படியே இருங்கம்மா," என்ற ஃபரீதா குச்சியை மறுபடி கண்ணுக்கு நேராக வைத்தார். "இப்ப நான் எண்ணுதேன். சார், நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. ரெடி. ஒன். டூ. த்ரீ."

உலகம்மாள் அசையவில்லை. கண் குச்சியை ஒட்டியே இருந்தது.

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். குச்சியைப் பார்த்தார். ஸ்டாண்டை லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"நான் இன்னொரு தடவை எண்ணுதேன். மெதுவா எண்ணுதேன்."

"எண்ணுங்க."

"ரெடி," என்றார்.

ஒன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் அதற்குள் பின்னால் போய்விட்டது.

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு சங்கரலிங்கத்தின் முகம் தெளிந்தது.

"அப்போ லென்ஸ்ல கோளாறு இல்ல."

"இல்ல."

"இவ பின்னால போவான்னு தெரிஞ்சு போச்சு. அப்ப என்ன, முதல்ல த்ரீ சொல்லிருதேன். போனபிறகு கண்ணுல ஃபோகஸ் வைக்கேன். விழுந்துரும்லா?"

"விழுந்துரும்."

"துல்லியமா?"

"துல்லியமா விழும், சார். இமைமுடியை எண்ணலாம்."

"இதை முதல் வாரமே சொல்லியிருந்தா நாற்பத்தொரு படம் வீணாயிருக்காது," என்று கேமராவை எடுத்தார். கண்ணுக்குக் கொண்டுபோனார்.

ஃபரீதா குச்சியை அகற்றவில்லை.

"கண்ணு அவ்வளவு துல்லியமா விழுந்தா, கருவிழிக்குள்ள எதிர்ல நின்னு எண்ணுத ஆளும் விழுவாரு," என்றார். "அதையும் பார்த்துக்குங்க."

கேமரா கண்ணிலேயே இருந்தது. சங்கரலிங்கம் ரெடி சொல்லவில்லை. ஒன் சொல்லவில்லை. விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மேஜை விளிம்புவரை வந்திருந்தது, அங்கிருந்து நகர்ந்து தரைக்குப் போனது.

உலகம்மாள் காத்திருந்து பார்த்தார். இவ்வளவு நேரம் கணவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

"என்ன, சத்தத்தையே காணும்?" என்றார். "ஏங்க, தலைசுத்தா? வெறும் வயித்துலயா வந்தீங்க?"

கேமராவுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்ப்பதற்காக முன்னால் சாய்ந்தார். நாற்காலியை விட்டு முதுகு வந்தது. குச்சியைத் தாண்டி முகம் வந்தது. அப்படியே நின்று, இரண்டு கண்ணாலும் அவரைத் தேடிப் பார்த்தார்.

சங்கரலிங்கம் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் குரல் அவரிடம் இருந்ததே அதுவரை ஃபரீதாவுக்குத் தெரியாது.

"டீச்சர். இப்ப எடுக்கட்டுமா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கீங்க, சார்."