கால் குறையுது

தேயிலைத் தோட்டத்துத் தராசு எடையைத் தின்கிறது என்று பூவாயி புகார் கொடுத்துவிட்டாள். முத்திரை ஆய்வாளர் ஜீப்பில் வந்திறங்கி, கொக்கியில் படிக்கல்லை மாட்டிப் பார்த்தார். முள் சரியாகத்தான் நின்றது.

எடை போடும் கங்காணி வேலப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். "அரசாங்க முத்திரை குத்துன தராசு. குறை எங்கேன்னு இப்பவே காட்டு. இல்லாட்டி நாளையிலேருந்து கொழுந்தெடுக்க வராதே."

பூவாயி தன் கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள். பழக்கதோஷம், வேலப்பன் மூட்டையை ஒட்டி வந்து நின்றான்.

"எவ்வளவும்மா குறையுது?" என்றார் ஆய்வாளர்.

"கால்தாங்க."

"கால் கிலோவா?"

"இல்லீங்க, கங்காணி கால். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். வேலப்பனின் செருப்புக்கால் மூட்டைக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார். சிரித்தபடியே பெட்டியை மூடினார்.

"நான் தராசுக்கு முத்திரை வைக்க வந்தவன். காலைப் பத்தி உங்க மேனேஜர்கிட்ட சொல்லிக்கம்மா."

ஜீப் வளைவில் மறைந்தது.

"ம், அடுத்த மூட்டை" என்றான் வேலப்பன். இந்தத் தடவை எல்லாரும் பார்க்கவே காலை நீட்டி வைத்தான்.