நடுவில் ஒரு ஆள்

மதுரையில் கல்யாண மேளக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. காரில் வருகிற செட்டு உண்டு, வேனில் வருகிற செட்டு உண்டு. சைக்கிளில் வருகிற செட்டு ஒன்றே ஒன்றுதான். நம்ம கதை அந்த நாலு பேரைப் பற்றியது.

நாயனம் சோலைமலை, தவில் மாயழகு, சுருதிப்பெட்டி வெள்ளைச்சாமி, தாளம் பிச்சைமணி. வாசிக்க உட்கார்ந்துவிட்டால் ஒரு குறை சொல்ல முடியாது. மண்டபத்துக்கு வந்து சேர்வதில்தான் தகராறு.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ஓரமா நில்லுங்கய்யா, கார் போகட்டும்" என்று கத்தினார். நாலு பேரும் ஓரமாக நின்றார்கள். அந்தக் கார் போனது. பின்னாலேயே இன்னொரு கார் வந்தது. எல்லாக் காரும் போய் முடியட்டும் என்று பொறுமையாக நின்றார்கள். மதுரையில் கார் எப்போது முடிவது? மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முகூர்த்தத்துக்கு வேறு மாதிரி. ஒரு காரின் கண்ணாடி மாயழகின் முழங்கையில் இடித்துவிட்டது. வாய்ச்சண்டை முற்றி, கூட்டம் கூடி, எல்லாம் ஓய்ந்து இவர்கள் போகும்போது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சும்மா திரும்பக் கூடாது என்று பாயசத்துக்குக் கெட்டிமேளம் வாசித்தார்கள்.

மண்டபத்து மேனேஜர் தங்கவேலாயுதம் அன்றைக்கு மாயழகைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன சாமானை எடுத்துக் காட்டினார்.

"இது என்ன தெரியுதா? பென் டிரைவ். இதுக்குள்ள மேளம் இருக்கு. அடுத்த முகூர்த்தத்துக்கும் லேட்டா வந்தீங்க, இனி இந்த மண்டபத்துல இதுதான் வாசிக்கும்."

மாயழகு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோளில் மாட்ட வாரும் இல்லை, அடிக்கத் தோலும் இல்லை. சுண்டுவிரல் அளவு இருக்கிற சாமான் தன் சோற்றில் மண்ணைப் போடப் போகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஒரு மண்டபத்தை நம்பித்தான் நாலு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

"கார்க்காரனோட மல்லுக்கட்டாதீங்க. ரோட்டு ரூல்ஸ் என்னான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுபடி வாங்க" என்று அனுப்பிவைத்தார் மேனேஜர்.

நேரே சந்திப்பில் நின்றிருந்த போக்குவரத்து ஏட்டையாவிடம் போனார்கள். அவர் ஒரு கையால் லாரியை நிறுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஆட்டோவை விரட்டிக்கொண்டு, அந்த மும்முரத்திலேயே சொன்னார்.

"இடது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கணும், பச்சை எரிஞ்சாத்தான் போகணும். பின்னாடி ஹாரன் அடிச்சா எரிச்சல்படாம என்னான்னு திரும்பிப் பாக்கணும். காருக்கும் சைக்கிளுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம் இருக்கணும். போங்க, போங்க!"

நாலு ரூல்ஸை ஒரே மண்டைக்குள் ஏற்றுவது நடக்கிற காரியமா? ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது பக்கம் பிச்சைமணிக்கு. விளக்கு வெள்ளைச்சாமிக்கு. ஹாரன் சோலைமலைக்கு. நடுவில் நிற்கிற ஆள் மாயழகுக்கு. அவனவன் ரூல்ஸை அவனவன் பார்த்துக்கொள்ள வேண்டியது, அடுத்தவன் ரூல்ஸில் தலையிடக் கூடாது என்று பேச்சு.

முகூர்த்தத்தன்று விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். மாயழகு தவிலைத் துணியில் சுற்றி கேரியரில் கட்டியிருந்தான். வழியெல்லாம் அவன் வாய், "இன்னிக்கு விட்டா போச்சு, இன்னிக்கு விட்டா போச்சு" என்றே முணுமுணுத்தது.

பெரிய ரோட்டில் ஏறியதும் பின்னால் ஒரு ஹாரன். சோலைமலை உடனே இறங்கி, ஸ்டாண்டு போட்டு, காரிடம் நடந்து போய்க் கும்பிட்டார்.

"கூப்பிட்டீங்களா சார்?"

"வழி விடுய்யா!"

"எங்க சார் போகணும்?"

"முன்னாடி போகணும்!"

"நாங்களும் முன்னாடிதான் சார் போறோம்" என்றார் சோலைமலை சந்தோஷமாக. கார்க்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். "சொல்லுங்க சார், இங்கதானே நிக்கிறேன்" என்றார் சோலைமலை. அதற்குப் பின்னால் இருந்த காரும் அடித்தது. அவரிடமும் போய் என்னவென்று கேட்டார். யார் மனமும் கோணக் கூடாது என்று அன்றைக்கு அவர் ஏழெட்டுக் கார்களில் குசலம் விசாரித்தார்.

மாயழகின் பாடு அதைவிடக் கஷ்டம். எந்தக் கார் பக்கத்தில் வந்தாலும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப் போய், காருக்கும் பிச்சைமணியின் சைக்கிளுக்கும் நடுவில் விறைப்பாக நிற்க வேண்டியிருந்தது. நிற்க முடிந்தால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் காரைத் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும்.

"சாகப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

"இல்ல சார். கல்யாணத்துக்குப் போறோம்னுதான் சொல்லிட்டு வந்தேன்" என்றான் மாயழகு. வேர்த்துக் கொட்டியது.

அடுத்து ஒரு குறுகலான தெரு. பாதித் தெருவில் வெள்ளைச்சாமி, "நில்லுங்க!" என்று கத்தினான். தெரு முக்கில் ஒரு அம்மன் கோயில். சன்னதி வாசலில் குண்டு பல்பு ஒன்று செக்கச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

நின்றார்கள். பல்பு மாறவில்லை. பின்னால் கார்கள் வரிசை கட்டின. சோலைமலை ஒவ்வொன்றாக விசாரிக்கக் கிளம்பினார். மாயழகு சைக்கிளை ஓரமாகச் சாத்தினான். அவனே போய்ப் பூசாரியிடம் கேட்டான்.

"சாமி, பச்சை எப்ப வரும்?"

"பச்சையா? ஆடி மூணாவது வெள்ளிக்கு ஆத்தாளுக்குப் பச்சைப் பட்டு சாத்துவோம்" என்றார் பூசாரி.

மாயழகு திரும்பி வந்து சொன்னான். வெள்ளைச்சாமி விரல் விட்டு எண்ணினான். "இப்பத்தானே ஆடி போச்சு? இனி அடுத்த வருசம்தான்."

"அதுவரைக்கும் நின்னா முகூர்த்தம் என்னாகுறது?" என்றான் பிச்சைமணி.

"முகூர்த்தத்துக்காக சாமி விளக்கைத் தாண்டுவியா? போலீஸ் விளக்கைத் தாண்டினாலாவது அபராதத்தோட போகும்" என்றான் வெள்ளைச்சாமி.

இந்தப் பேச்சில் நியாயம் இருந்ததால் எல்லாரும் தலையைக் குனிந்து யோசித்தார்கள். மாயழகின் கண்ணுக்குள் அந்தப் பென் டிரைவ் வந்து வந்து போனது. பூசாரிக்கோ கோயில் வாசலில் இத்தனை வண்டி நின்றால் தேங்காய் வாங்க ஆள் எப்படி வரும் என்ற கவலை. விஷயத்தைக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு, ஒரு வாழையிலையைக் கிழித்துப் பல்புக்கு முன்னால் பிடித்தார்.

"பச்சை எரியுது!" என்றான் வெள்ளைச்சாமி.

அந்த நேரத்தில், தூரத்துக் கார் ஒன்றிலிருந்து பட்டு வேட்டியும் மாலையுமாக ஒரு பையன் இறங்கி ஓடி வந்தான். முகமெல்லாம் கோபம்.

"இந்த சைக்கிள்காரங்களால ஊரே நாசம்! நகருங்கய்யா! எனக்கு இன்னிக்குக் கல்யாணம்!"

"எந்த மண்டபம் தம்பி?" என்றார் சோலைமலை.

பையன் சொன்னது இவர்கள் வாசிக்கப் போகிற அதே மண்டபம். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, மேளம் இங்க நிக்குது. மாப்பிள்ளையும் இங்கதான் நிக்கிறாரு. அப்ப அங்க என்ன நடக்குது?" என்றான் பிச்சைமணி.

"பொண்ணு மட்டும் உக்காந்திருக்கும்" என்றான் மாயழகு.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். அவன் கார் இருபது வண்டிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. முன்னால் பார்த்தான். இந்த நாலு சைக்கிளுக்கு முன்னால் ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. சோலைமலையின் கேரியரில் ஏறி உட்கார்ந்தான்.

மிதித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு மிதி. பாதி வழியில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. மண்டபம் கண்ணில் தெரியும்போது சக்கரம் நின்றே போய்விட்டது. வேட்டியை இழுத்தால் மானம் போகும், கிழித்தால் அபசகுனம். மாப்பிள்ளையால் கேரியரை விட்டு இறங்க முடியவில்லை.

போதாததற்கு மண்டபம் ரோட்டின் வலது பக்கத்தில் இருந்தது.

"இடது பக்கத்தை விட்டு நகரக் கூடாது" என்றான் பிச்சைமணி.

"டே, அந்தா வாசல் தெரியுதுடா!" என்று மாயழகு கெஞ்சினான்.

"தெரியுது. ஆனா வலது பக்கம் தெரியுது. அவனவன் ரூல்ஸை அவனவன் பார்த்துக்கணும்னு பேசினோமா இல்லையா?"

பேசினதுதான். ரோட்டுக்கு நடுவில் இரும்புத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மேனேஜர் வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"மாப்பிள்ளை இங்க இருக்காரு! பொண்ணை அனுப்புங்க!" என்று மாயழகு வாயில் கையைக் குவித்துக் கத்தினான்.

வேறு வழியில்லை. பெண்ணையும் அவள் அப்பாவையும் ஐயரையும் தாலித் தட்டையும் ஒரு காரில் ஏற்றி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். மேனேஜர் தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால், ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் மாப்பிள்ளை. அவனை ஒட்டி வந்து நின்ற காருக்குள் பெண். கண்ணாடியை இறக்கிக் கழுத்தை வெளியே நீட்டினாள். ஐயர் அவசர அவசரமாக மந்திரத்தைச் சொல்லிவிட்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார்.

மாயழகு தவிலைத் தோளில் மாட்டினான். குச்சியைத் தூக்கினான். அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கார் சைக்கிளை உரசிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இல்லை.

"ஒரு நிமிசம்" என்று சொல்லி, தவிலோடு பக்கவாட்டில் நுழைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றான். நின்றபடியே வாசித்தான். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு கெட்டிமேளம் வாசித்ததில்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளை அவனைச் சுற்றிக் கையை விட்டு, ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி மூன்று முடிச்சும் போட்டான்.

எதிர்ப்பக்கம் மண்டபத்துக்குள்ளிருந்தும் மேளச் சத்தம் கேட்டது. பென் டிரைவ் நேரம் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்க ரோட்டுக்கு வந்துவிட, சமையல்காரர் ஒருவர் காலி நாற்காலிகளைப் பார்த்து அட்சதை போட்டாராம்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர அந்தச் சனியனுக்குத் தெரியுமாய்யா? அடுத்த முகூர்த்தமும் உங்களுக்குத்தான்."

மாயழகு கும்பிடப் போனான். நகர முடியவில்லை. குனிந்து பார்த்தால், தாலிக் கயிறு தவில் வாரையும் சேர்த்து முடிச்சாகியிருந்தது.

"அவுக்கக் கூடாது!" என்று பெண்ணின் அப்பா பதறினார். வாரை அறுக்கக் கூடாது என்று மாயழகு பதறினான்.

அப்போது பின்னால் ஒரு ஹாரன். விடாமல் அடித்தது. பூ ஜோடித்த கார். மாப்பிள்ளையின் சொந்தக் கார்தான், நெரிசலை விட்டு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. சோலைமலை நாயனத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார். அவருக்கு முன்னால் மாப்பிள்ளை கேரியரில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பினான்.

"எதுக்குய்யா சும்மா சும்மா அடிக்கிற? இந்தக் கார்க்காரங்களால ஊரே நாசம்!"

கார் கோபத்தோடு இன்னும் முன்னால் வந்து, சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி நின்றது. மாயழகுக்குப் பகீரென்றது. அங்கேயும் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவனோ பெண்ணோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றான் பெண்ணின் அப்பாவிடம். "நீங்க கொஞ்சம் போய் நடுவுல நில்லுங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார்.