கூரைமேல் ஒரு மனிதர், ஒரு பசு

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில், எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் காட்டுக்குப் போய்த் தவம் செய்யவில்லை. பத்திரிகை ஆபீசுக்குப் போனான். தீ விபத்து, கல்யாணம், மாட்டுச் சந்தை, மழை என்று எது கிடைத்தாலும் எழுதினான். அப்படி எழுதிக் கை பழகி, பிறகு புத்தகம் போட்டுப் பேர் வாங்கியவர்கள் அந்த நாட்டில் ஏராளம். அவர்களுக்கு அதுதான் குருகுலம்.

எல்பர்ட் கிம்பலும் அப்படித்தான் போனார். போகும்போதே முப்பத்தேழு வயது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு, கிரீன்ஃபோர்டு என்ற மலையடிவார ஊரில் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பத்திரிகையின் ஆசிரியை அகஸ்டா ஹாட்ஜ். சீடரைவிடக் குருவுக்கு ஆறு வயது குறைவு. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அந்த அம்மாள் முன்னால் போய் நின்றவர்கள் யாரும் சிரித்ததில்லை.

நாலு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை கிம்பல் கையில் ஒரு கடிதத்தோடு அகஸ்டாவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நியூயார்க்ல ஒரு பதிப்பாளர் என் நாவலைப் படிச்சிருக்கார் மேடம். பிடிச்சிருக்காம்."

"நல்லது."

"பத்திரிகையில என் பேரோட வந்த கட்டுரை ஒண்ணு அனுப்பச் சொல்றார். நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளான்னு பார்க்கணுமாம்."

"அனுப்புங்க."

"எங்கேருந்து அனுப்பறது? நாலு வருஷமா எழுதறேன். ஒண்ணுலகூட என் பேர் இல்லையே!"

உண்மைதான். அந்தக் காலத்தில் செய்திக்குக் கீழே நிருபர் பேரைப் போடும் வழக்கம் அங்கே இல்லை. யார் எழுதினாலும் அது பத்திரிகை சொன்னதாகவே ஊர் படிக்கும்.

"இந்த வியாழக்கிழமை ஒரே ஒரு கட்டுரையில என் பேரைப் போடுங்க. இல்லேன்னா என் புத்தகம் அவ்வளவுதான். எனக்கு நாற்பத்தொண்ணு ஆகுது மேடம். இன்னொரு கடிதம் வராது."

அகஸ்டா பென்சிலைக் கீழே வைத்தாள். அறை மூலையில் விற்காத பழைய இதழ்கள் ஒரு கட்டாகக் கயிறு போட்டு வைக்கப்பட்டிருந்தன. அதைக் காட்டினாள்.

"மலைமேல ஆர்ஃபான்னு ஒருத்தி இருக்கா. அவ வீட்ல இதைக் கொடுத்துட்டு வாங்க. குளிர் வரப்போகுது, சுவருக்கு ஒட்டக் கேட்டிருக்கா."

"சுவருக்கா?"

"கூடமாட நின்னு ஒட்டிக் கொடுத்துட்டு வாங்க. பேர் விஷயம் அப்புறம் பேசலாம்."

தான் எழுதியதில் மீன் கட்டுகிறார்கள் என்பது கிம்பலுக்கு முன்பே தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது தன் கையாலேயே சுவரில் பூசிவிட்டு வரவேண்டுமாம். கட்டைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் முணுமுணுத்தபடி மலை ஏறினார்.

பலகைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடு. பலகை இடுக்குகளில் காற்று புகாமல் இருக்கத்தான் உள்ளே காகிதம் ஒட்டுவார்கள். ஆர்ஃபாவுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தார். கோதுமை மாவுப் பசையில், எலி வராமல் இருக்க, மிளகாய்த்தூள் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா, உள்ளே வாங்க. காலைப் பார்த்து வைங்க."

உள்ளே நுழைந்த கிம்பல் அப்படியே நின்றுவிட்டார்.

நாலு சுவரும் எழுத்து. தரையிலிருந்து கூரை வரை, ஒரு விரல் இடம் விடாமல் எழுத்து. கட்டிலுக்கு மேலே ஜனாதிபதியின் பிரசங்கம். அதன் பக்கத்தில் கல்யாணங்கள். ஜன்னலைச் சுற்றிலும் கோதுமை விளைச்சலும் ரயில் விபத்தும். கதவில் தலைவலி மருந்து விளம்பரம். ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் வார்த்தைகள் தெரிந்தன.

"இதையெல்லாம் நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடம் போனதில்லைங்க. வீட்டுக்காரருக்கு எழுத்து மட்டும் தெரியும். அதை அவர் சொல்லிக் கொடுத்தார். மிச்சத்தை இந்தச் சுவர் சொல்லிக் கொடுத்துச்சு."

கோயில் பிரகாரம் சுற்றிக் காட்டுகிறவர்களைப் போல அவரை அழைத்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். ஓரிடத்தில் ஒரு தாள் தலைகீழாக இருந்தது.

"இது படிக்கத் தெரியறதுக்கு முன்னாடி ஒட்டினது. விட்டுட்டேன். இப்ப எனக்குத் தலைகீழாவும் படிக்க வரும்," என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தரையில் உட்காருவார்களாம். இன்றைக்கு ஜன்னல் சுவர் என்று ஒருவர் கேட்பார், கட்டில் சுவர் என்று இன்னொருவர் கேட்பார். ஆர்ஃபா எழுந்து நின்று படிப்பாள். முன்பே கேட்டதுதான் என்று ஒருவரும் எழுந்து போனதில்லையாம்.

அவள் சொல்லச் சொல்ல, கிம்பலின் கண் தன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டே போனது. தேவாலய மணி விரிசல் விட்ட செய்தி அவர் எழுதியது. இரட்டைக் கன்று போட்ட பசு அவர் எழுதியது. அச்சுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே கிறுக்கியவை, ஒரு நாளில் செத்துப்போகும் என்று நினைத்தவை. அத்தனையும் இங்கே உயிரோடு இருந்தன. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாளில் மட்டும் கரியே இல்லை. தினம் துடைப்பாள் போலிருக்கிறது. ஆர்ஃபா அதைப் பார்க்காமலேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"விடியற்காலையில் ஆறு ஊருக்குள் வந்தது. நாற்காலிகளும் வைக்கோல்போரும் தெருவில் மிதந்தன. தென்கரையில் ஒரு விவசாயி, தன் பசுவை எப்படியோ கூரைமேல் ஏற்றி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். படகுகள் அவரை நோக்கிச் சென்றன."

நிறுத்திவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய வெள்ளம் அது. எழுதியவரும் எதிரில்தான் நின்றார்.

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டார் கிம்பல்.

"அதைத்தான் நாங்களும் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம். பசுவைப் படகுல ஏத்த மாட்டாங்க, அதனால அவரும் ஏறியிருக்க மாட்டார்னு என் வீட்டுக்காரர் சொல்றார். பசு நீந்திக் கரையேறியிருக்கும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். இதுக்காகவே ரெண்டு பேரும் ஒரு மாசம் பேசிக்கலை." குரலைத் தாழ்த்தினாள். "மிச்சம் தாளோட மறுபக்கம் இருக்கும் ஐயா. தெரியாத்தனமா ஒட்டிட்டேன். உரிச்சா கிழிஞ்சிடுமோன்னு பயம். இன்னைக்கு நீங்க இருக்கீங்க, ஒரு கை பிடிங்களேன்."

மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை என்பது கிம்பலுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வரியோடு பத்தியில் இடம் நிரம்பிவிட்டது. அவர் சாப்பிடப் போய்விட்டார். அடுத்த வாரம் பொருட்காட்சி வந்தது, அதை எழுதினார். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். 'வெந்நீர் இருக்காம்மா?' என்றுதான் கேட்டார்.

வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உரித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு எழுத்தும் சேதமாகாமல் தாள் வந்தது. ஆர்ஃபா அதை மேஜைமேல் போட்டுத் திருப்பினாள்.

மறுபக்கம் முழுக்க இருமல் மருந்து விளம்பரம்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மருந்து கிடைக்கும் கடையின் விலாசம் வரை படித்தாள். பிறகு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். கிம்பலால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இதுல இல்லை," என்றாள் கடைசியில். "அப்போ அடுத்த வாரம் போட்டிருப்பாங்க. அப்படி எழுதினவர் பாதியில விட்டிருக்க மாட்டார்." அவர் கொண்டுவந்த கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகத் தேட ஆரம்பித்தாள். தேடிக்கொண்டே கேட்டாள்: "அவரை உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

காலையில் தன் பேருக்காகக் கெஞ்சிய மனிதர், "தெரியாதும்மா," என்றார்.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியதும் கிம்பல் அலமாரியிலிருந்து அந்த வருஷத்து இதழ்களின் தொகுப்பை இறக்கினார். வெள்ளத்துக்கு அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம், வருஷக் கடைசி வரை புரட்டினார். அகஸ்டா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒட்டியாச்சா?"

"ஆச்சு. வெள்ளச் செய்தியை மட்டும் மூட விடலை. அதே இடத்துல திரும்ப ஒட்டச் சொன்னாங்க." கிம்பல் தொகுப்பை மூடினார். "அந்த வீட்ல ஊரே வந்து உட்கார்ந்து கேட்குது மேடம். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அகஸ்டா மேஜையிலிருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தாள்.

"வியாழக்கிழமை இதழ்ல இடம் ஒதுக்கிட்டேன். பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லி அச்சுக் கோக்கறவர்கிட்டயும் சொல்லியாச்சு. பேரைச் சொல்லுங்க."

"எல்பர்ட் கிம்பல்னே..."

"உங்க பேர் எனக்குத் தெரியும்," என்றாள் அகஸ்டா. "கூரைமேல நின்னாரே, அவர் பேர்."