பேர் எழுதின தாள்

“இருபத்திரண்டு எழுத்தும் எழுதிப் பழகியாச்சு. அர்த்தத்தை எப்ப டீச்சர் சொல்லித் தருவீங்க?”

கேட்டவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் சற்குணம். கருக்கன்விளை சேகரத்துச் சபைகளின் போதகர். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் சற்குணம் ஐயர்.

பதில் சொல்லவேண்டியவருக்கு வயது முப்பத்தாறு. எப்சிபாய் டீச்சர். இறையியல் கல்லூரியில் எபிரெயம் நடத்துகிறவர். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு.

“இன்னைக்கும் எழுதுங்க ஐயா,” என்றார் டீச்சர்.

ஐயருக்குச் சுருக்கென்றது. மகள் வயதுப் பெண்ணின் முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் உட்கார்ந்து முப்பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு நாள்தான் லீவு பாக்கி.

அவர் ஒன்றும் பேர் தெரியாத ஆள் இல்லை. எபிரெய எழுத்துப் பிரசங்கம் என்றால் மூன்று மாவட்டத்திலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு எபிரெயம் தெரியாது என்பது வேறு விஷயம். எங்கோ கிடைத்த ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஒப்பேற்றியிருந்தார். ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் கூட்டத்துக்கு வந்ததில்லை.

“எழுத்து எனக்குத் தெரியும் டீச்சர். ஆழம்தான் வேணும். அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்.”

“அப்படியா. உங்க பிரசங்கத்தைச் சொல்லுங்க, கேப்போம்.”

“இப்பமா? இங்கயா?”

“ஏன், நான் ஒருத்தி கேட்டாப் போதாதா?”

ஐயர் எழுந்தார். ஒரு தாளை எடுத்து, வலமிருந்து இடமாக நான்கு எழுத்தை எழுதித் தூக்கிப் பிடித்தார். குரல் தானாக ஏறியது.

“இது ஆண்டவரோட பேரு. முட்செடி எரியும்போது மோசேக்குச் சொன்ன பேரு. நாலே எழுத்து. யோத், அது கை. ஹே, அது ‘பார்’னு கூப்பிடுத சத்தம். வாவ், அது ஆணி. மறுபடியும் ஹே. இப்பம் சேத்துப் படிங்க. கையைப் பார், ஆணியைப் பார். ரட்சகர் பிறக்கிறதுக்கு ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே சிலுவை ஆண்டவரோட பேருக்குள்ள இருந்திருக்கு.”

கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் இந்த இடத்தில் சனம் எழுந்து நின்றுவிடும். இங்கே மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லாருக்கு,” என்றார் டீச்சர். “யோத்துக்குக் கைங்கிறது சரிதான். வாவ்னா கொக்கி, முளை. ஆணின்னு சொல்லிக்கிடலாம். ஹேக்கு நீங்க சொல்லுத அர்த்தத்தை யாரும் அறுதியாச் சொல்லல. யூதர் இந்தப் பேரை இப்படிப் பிரிச்சுப் படிக்கதும் இல்ல.”

“அப்பம் தப்புங்கீங்களா?”

“நான் தப்புன்னு சொல்லல. நீங்க விசுவாசத்துல படிக்கீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.”

“கேளுங்க.”

“நாலு எழுத்துல ரெண்டு எழுத்து ‘பார், பார்’னு சொல்லுதுங்கீங்க. பதினஞ்சு வருசமாச் சொல்லுதீங்க. என்ன பாத்தீங்க?”

“சிலுவையைப் பாத்தேன்.”

“எங்க?”

“எழுத்துக்குள்ள.”

“எழுத்துக்கு வெளியே?”

ஐயர் தூக்கிப் பிடித்திருந்த தாளைத் தாழ்த்தினார்.

“சரி, மாத்திக் கேக்கேன். எதைப் பாக்காமத் தலையைத் திருப்பிக்கிட்டீங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் இருந்தது. சொல்லப்போனால், அந்தப் பதிலுக்குப் பயந்துதான் நாற்பது நாள் லீவு போட்டு எபிரெயம் படிக்க ஓடிவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

கருக்கன்விளைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. வடக்கே மேடு. அது வடக்குத் தெருக்காரர்களுக்கு. தெற்கே பள்ளம். அது தெற்குத் தெருக்காரர்களுக்கு. இரண்டு தெருவுக்கும் கோயில் ஒன்று, பாட்டு ஒன்று, திருவிருந்தில் கிண்ணமும் ஒன்று. செத்த பிறகுதான் சுவர். யார் கட்டினது என்று கேட்டால், அந்தக் காலத்திலேயே கட்டினது என்பார்கள்.

கோயிலில் மணி அடிப்பதும், தோட்டத்தில் குழி வெட்டுவதும் சகரியாவின் வேலை. தெற்குத் தெரு ஆள். சுவருக்கு இரண்டு பக்கமும் முப்பது வருஷமாக அவர்தான் வெட்டுகிறார். போன கார்த்திகை அடைமழையில் அவர் மனைவி சலோமி இறந்துபோனார். பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

சகரியா ஐயரிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வடக்க ஒரு ஓரமா வெச்சுக்கிடட்டுமாய்யா?”

“கமிட்டியில வெச்சுப் பேசுவோம் சகரியா,” என்றார் ஐயர்.

சபைக் கமிட்டி கூடுவதற்கு எட்டு நாள் இருந்தது. பிணம் எட்டு நாள் இருக்குமா?

தெற்கேதான் வைத்தார்கள். தண்ணீரில் இறக்கிய பெட்டி மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினார்கள். மறுபடியும் வந்தது. கடைசியில் சகரியாவே கல்லைத் தூக்கித் தன் மனைவியின் பெட்டிமேல் வைத்தார். ஐயர் புத்தகத்தைப் பார்த்து அடக்க ஆராதனையை வாசித்து முடித்தார். புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

“ரிட்டையராக இன்னும் பதினாலு மாசம் இருக்கு டீச்சர். சுவத்துல கை வெச்சா கமிட்டிக்காரங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க. ஒரே வாரத்துல வேற எங்கயாவது தூக்கியடிச்சிருவாங்க. அவமானப்பட்டு வெளிய போகணும்.”

“அதை நான் கேக்கலையே ஐயா,” என்றார் டீச்சர்.

சத்தம் போடாமல்தான் சொன்னார். அதுதான் ஐயருக்கு எரிச்சலூட்டியது. வெட்கம் முழுக்கக் கோபமாக வெளியே வந்தது.

“நான் எபிரெயம் படிக்க வந்தேன். பாவ அறிக்கை பண்ண வரல. ஆழம் தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலன்னாத் தெரியலன்னு சொல்லிருங்க. இந்த எழுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

கையிலிருந்த தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

டீச்சர் எழுந்தார். கூடைக்குள் கைவிட்டு இரண்டு துண்டையும் எடுத்தார். மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். நீவுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

“இந்த எழுத்தைப் பெத்த சனம், இந்தப் பேர் எழுதின தாளைக் கிழிக்கமாட்டாங்க ஐயா. எரிக்கமாட்டாங்க. அழிக்கக்கூட மாட்டாங்க. பழசாயிட்டாலோ பாழாயிட்டாலோ, மனுசங்களை அடக்கம் பண்ணுத இடத்துல கொண்டுபோய் மரியாதையா அடக்கம் பண்ணுவாங்க.”

எத்தனையோ மேடையில் அந்த நாமத்தைச் சொல்லிக் கண்ணீர்விட்டவர், அதையே கூடையில் போட்டுவிட்டார். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

“தெரியாமப் பண்ணிட்டேன் டீச்சர். குடுங்க. நானே அடக்கம் பண்ணிருதேன்.”

“எங்க?”

“எங்க கல்லறைத் தோட்டத்துலதான்.”

“எந்தப் பக்கம்?”

டீச்சர் இரண்டு துண்டையும் அவர் கையில் வைத்தார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, போய்விட்டார்.

*

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஐயர் கருக்கன்விளையில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். தாளின் இரண்டு துண்டையும் வெளுத்த வேட்டித் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சகரியா வீட்டுக்குப் போனார்.

“மம்பட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கிட்டு வா.”

“யாருக்குய்யா குழி? ஊர்ல சாவு ஒண்ணும் இல்லையே.”

“ஒரு தாளுக்கு. ஆண்டவரோட பேரு எழுதியிருந்துச்சு. நான் கிழிச்சுட்டேன்.”

சகரியா ஏன் என்று கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் எந்த ஐயரிடமும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. தோட்டத்து வாசல் வந்ததும் நின்றார்.

“எந்தப் பக்கம் வெட்டட்டும்?”

பஸ்ஸில் மூன்று மணி நேரம் யோசித்து ஐயர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தெற்கே வைத்துவிடுவது. ஆண்டவருடைய நாமத்தைப் பள்ளத்துச் சனத்தோடு வைத்தோம் என்று மனசும் ஆறும். கமிட்டியும் ஒன்றும் சொல்லாது. வசதிப்பட்டால் அதை வைத்து ஒரு பிரசங்கமும் பண்ணலாம்.

“தெக்க,” என்றார்.

பள்ளத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. சலோமியின் கல்லறை உள்வாங்கிக் கிடந்தது. மரச்சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மண்ணுக்கு மேலே ஒரு கல்லின் முனை தெரிந்தது. பெட்டியை அமுக்குவதற்கு வைத்த கல். ஐயர் அதைப் பார்த்தார். கையில் புத்தகம் இல்லை, அதனால் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

சகரியா மம்பட்டியை ஓங்கவில்லை.

“இங்கன வேண்டாம்யா.”

“ஏன்?”

“மழை பெஞ்சா மேல வந்துரும். ஆண்டவர் பேராச்சே, தண்ணியில கெடக்கலாமா? வடக்க வெச்சிருவோம்.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அந்தத் தாளுக்காகத்தான் கவலைப்பட்டார். ஐயரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“வடக்க நீ வரலாமா சகரியா?”

“வெட்டுததுக்கு வரலாம்யா. படுக்கத்தான் கூடாது.”

ஐயர் துணிப்பொட்டலத்தை நீட்டினார்.

“இதைப் பிடி.”

சகரியா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஐயர் ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். சுவரைப் பார்த்து நடந்தார். ஓங்கி ஒரு குத்து. கடப்பாரை எகிறிக்கொண்டு திரும்பி வந்தது. இன்னொரு குத்து. உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

“ஐயா, அது சுவருய்யா.”

“தெரியும்.”

சகரியா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கடப்பாரையை அப்படிப் பிடிக்கக்கூடாது. கீழ்க்கையை இன்னும் எறக்குங்க. கல்லுல குத்தாதீங்க, காரையில குத்துங்க. ஒண்ணு வந்துட்டா மத்தது நிக்காது.”

ஐயர் சொன்னபடி பிடித்தார். ஐந்தாவது குத்தில் முதல் கல் வடக்கே விழுந்தது.

சத்தம் கேட்டுக் கமிட்டிச் செயலாளர் தனசிங் ஓடிவந்தார். அவர் வீடு தோட்டத்தை ஒட்டித்தான் இருந்தது. பின்னாலேயே வடக்குத் தெருவில் இன்னும் நாலைந்து பேர்.

“ஐயரே, என்ன பண்ணுதீங்க?”

“குழி தோண்டுதேன்.”

“சுவத்துலயா?”

“கார்த்திகையில மண்ணுலதான் தோண்டினோம். தண்ணியா வந்துச்சு. நீங்களும் குடை பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே.”

“கமிட்டியைக் கேக்காம ஒரு கல்லை எடுக்கக்கூடாது. இப்பவே பிஷப்புக்குப் போன் போடுவேன்.”

“போடுங்க. நம்பர் இல்லன்னாச் சொல்லுங்க, நான் தாரேன்.”

தனசிங் குரலைத் தாழ்த்தினார். நல்லது சொல்லுகிற முகத்தை வைத்துக்கொண்டார்.

“பதினாலு மாசத்துல ரிட்டையராகப் போறீங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?”

“பதினாலு மாசம் இருக்குல்லா? சுவர் முழுசுக்கும் போதும்.”

இரண்டாவது கல் விழுந்தது. தனசிங் ஐயரை விட்டுவிட்டுச் சகரியாமேல் பாய்ந்தார்.

“நீ என்னல பாத்துக்கிட்டு நிக்க? கையில என்ன அது?”

“ஆண்டவரோட பேரு,” என்றார் சகரியா.

தனசிங் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தார். கிழிந்த தாள், படிக்கத் தெரியாத எழுத்து. அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“இந்த ரெண்டு துண்டுக் காயிதத்துக்கா சுவத்தை இடிக்கீங்க? இதுக்கு ஒரு சாண் குழி பத்தாதா?”

ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஆனால் கடப்பாரையை விடவில்லை.

சகரியா தனசிங்கிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கினார். மெல்லச் சுற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐயரிடம் வந்து கடப்பாரைக்குக் கையை நீட்டினார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“எவ்வளவு அகலம் வேணும்யா?”

“நாலு பேரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிமிர்ந்து நடக்கிற அகலம்.”