தங்கப் பட்டையின் முனை

மரம் என்று எழுதியது தப்பு. அது பிளாஸ்டிக்.

எழுதியவர் இன்னாசி மச்சாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஏஜெண்ட். அடுத்தவர் இறக்குகிற சரக்கு இன்ன பொருள், இன்ன வகை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர் சோலி. அதை வைத்துத்தான் வரி. அதில்தான் தலை நரைத்தது.

சரக்கு, அலங்காரப் பட்டை. சுவரும் கூரையும் சேருகிற ஓரத்தில் ஒட்டுவார்களே, வாசல் நிலையைச் சுற்றி அடிப்பார்களே, போட்டோவுக்குச் சட்டம் போடுவார்களே, அது. பூவும் கொடியுமாக, மேலே தங்க மினுக்கு. கோவில்பட்டியில் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற செண்பகவல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. கைமுதல் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்.

பெட்டியைத் திறந்த அதிகாரி ஒரு பட்டையை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தார். உள்ளே பார்த்தார். சரக்கை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை விசாரணை.

பொருளை மறைத்தது அந்தம்மா என்று முடிவானால் சரக்கு போகும், கடை படுத்துவிடும். ஏஜெண்ட் பார்க்காமல் எழுதினார் என்று முடிவானால் ஏஜெண்டின் லைசென்ஸ் போகும். இரண்டில் ஒன்று.

மச்சாது ஜமீலா டீச்சரிடம் போனார்.

டீச்சருக்கு அவர் மகள் வயசுதான். கஸ்டம்ஸில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு, மாடியில் ஏஜெண்ட் பரீட்சைக்கு வகுப்பு எடுத்தார். மச்சாது திரும்பத் திரும்பத் தோற்றுக் கடைசியில் தேறியது அந்த மாடியில்தான்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"பாஸ் பண்ணினவரையும் திருப்பி அனுப்புறாங்களா அண்ணாச்சி?" என்றான் பின் பெஞ்சில் ஒருத்தன்.

மச்சாது அவனைப் பார்க்கவில்லை.

"டீச்சர், பிளாஸ்டிக்கை மரம்னு எழுதிட்டேன். இப்ப என்ன செய்ய?"

டீச்சர் மேஜைக்கு அடியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து வைத்தார். மூன்றும் தங்கப் பட்டை. மூன்றிலும் ஒரே கொடி, ஒரே பூ.

"எது மரம், அண்ணாச்சி?"

மச்சாது கையில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பின் பெஞ்சு சிரித்தது.

"இது" என்றார்.

டீச்சர் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ஒன்றை நீட்டினார்.

"நல்ல சாமான் டீச்சர். அறுத்தா வீணாப் போயிருமே."

"அறுக்காமச் சொல்லுங்க, கேட்போம்."

அறுத்தார்.

அவர் மரம் என்று சொன்னதிலிருந்து வெள்ளை மாவு கொட்டியது. பிளாஸ்டர். அடுத்ததில் நார் தெரிந்தது. அதுதான் மரம். மூன்றாவதை அறுக்கவே வேண்டியிருக்கவில்லை. ரஸ்க் போல ஒடிந்தது. உள்ளே வெள்ளை நுரை.

"மூணும் எதுக்கு ஆகும்?" டீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"சட்டம் போட" என்றான் பின் பெஞ்சுக்காரன்.

"அதைக் கடைசியில கேட்பேன். முதல்ல?"

"எதுல செஞ்சதுன்னு பார்க்கணும். வரிப் புத்தகத்துல மரம் நாப்பத்திநாலாவது அத்தியாயம், பிளாஸ்டிக் முப்பத்தொன்பது, பிளாஸ்டர் அறுபத்தெட்டு."

"அடுத்து?"

"அதுல என்ன வேலை செஞ்சிருக்குன்னு. மிஷின்ல வந்த நீளப் பட்டையா, இல்ல மூலைக்குச் சரிச்சு வெட்டினதான்னு."

"தங்கம்?"

"தங்கத்தை யாரு கேட்டா டீச்சர்."

இதெல்லாம் மச்சாதுவுக்குத் தெரியும். அதே பெஞ்சில் உட்கார்ந்து அவரும் ஒப்பித்தவர்தான். எரிச்சல் வந்தது.

"பில்லுல 'மர டிசைன்'னு போட்டிருந்துச்சு டீச்சர். நான் மரம்னு எழுதினேன். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சொல்லல. நாளைக்கு அதைத்தான் சொல்லப் போறேன்."

"சாம்பிள் வந்துச்சா?"

மச்சாது அறுத்த துண்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சாம்பிள் வந்தால் முதல் வேலை, அதன் முனையை ஒடித்துப் பார்ப்பது. டீ குடிப்பதுகூட அதற்கு அப்புறம்தான்.

"வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சு. பஸ்ஸில குடுத்து விட்டிருந்தா."

"ஒடிச்சீங்களா?"

"அழகா இருந்துச்சு டீச்சர்."

பின் பெஞ்சு மறுபடி சிரிக்கத் தயாரானது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். அடங்கியது.

"ஆபீஸ்ல மாதா படம் இருக்குல்லா. அதுக்கு அடியில வெச்சேன். படத்துக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்துச்சு. மெழுகுவத்தி ஏத்தினா அந்தப் பூவெல்லாம் அசையுது டீச்சர். அதைப் போய் எப்படி ஒடிக்க?"

டீச்சர் மேஜைமேல் கொட்டிய மாவை ஓரமாகத் தள்ளினார்.

"நானும் ஒடிச்சிருக்க மாட்டேன்" என்றார். "போய் எடுத்துட்டு வாங்க."

"இப்பவா?"

"மாதாகிட்டக் கேட்டுட்டு எடுத்துட்டு வாங்க."

போனார்.

ஆபீஸில் படத்துக்கு முன்னால் நின்றார். மாதா ஒன்றும் சொல்லவில்லை. பட்டையை எடுத்து, தூசி தட்டி, ஒரு துண்டில் சுற்றினார். அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது.

திரும்புகிற வழியில் கடல். ஸ்கூட்டரை நிறுத்தினார். துண்டில் சுற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். நுரைப் பிளாஸ்டிக் முங்காது. மிதக்கும். அந்தப் புத்தி மட்டும் அப்போது சரியாக வேலை செய்தது. வண்டியைக் கிளப்பினார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது இருக்கது எனக்கும் அந்தம்மாவுக்கும்தான் தெரியும்."

டீச்சர் துடைத்தார்.

"குடுத்தேன்னு அவ சொல்லுவா. குடுத்ததுக்கு அவகிட்ட எந்த அத்தாட்சியும் கிடையாது."

துடைத்தார்.

"லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற சோலி தெரியாது டீச்சர். இந்த வயசுல நான் எங்க போக?"

டீச்சர் துணியை உதறினார். சாக்பீஸ் தூள் பறந்தது. ஆக்சா பிளேடை எடுத்து, மேஜைமேல் மச்சாது பக்கமாக நகர்த்தினார்.

"உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியுமே" என்றார் மச்சாது. "இதை வேற எதுக்கு அறுக்க?"

"தெரியுமா?" என்றார் டீச்சர்.

ஃபேனை நிறுத்தினார். பையை எடுத்துக்கொண்டார். சாவியோடு வாசலில் போய் நின்றார்.

மச்சாது பட்டையை அறுக்கவில்லை. சுற்றிய துண்டோடு எடுத்துக்கொண்டு இறங்கினார்.

காலையில் விசாரணை அறைக்கு வெளியே செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. விடியுமுன் பஸ் ஏறியிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"கடலைமிட்டாய் கொண்டாந்தேன். பிள்ளைகளுக்குக் குடுங்க."

வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்ய.

"எனக்கு ஒண்ணும் விளங்கலண்ணே. நான் எதையோ மறைச்சேங்காங்க. நான் எதை மறைச்சேன்? சாம்பிள் குடுத்து விட்டேன்லா. நீங்க சொன்னாப் போதும்ணே, உங்க பேச்சைக் கேப்பாங்க."

அவர் கையில் துண்டுப் பொதி இருந்தது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். பட்டையை முழங்காலில் ஒடித்தவர் அவர்தான். பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

"சாம்பிள் குடுத்து விட்டதா இந்தம்மா சொல்றாங்க. இல்லாத சாம்பிளைச் சொல்றது எல்லாரும் செய்யிறதுதான். அப்படி எதுவும் வந்துச்சா?"

செண்பகவல்லி மச்சாதுவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பதில் வரும் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான்.

பில்லில் 'மர டிசைன்' என்று இருந்தது என்றுதான் தொடங்குவதாக இருந்தார் மச்சாது. வழியெல்லாம் சொல்லிப் பழகியது. அது மேலோட்டமாகப் பார்த்தால் நிசம்தான். நாக்குக்குக்கூட வந்துவிட்டது.

அவர் துண்டை அவிழ்த்தார்.

தங்கப் பட்டை மேஜைமேல் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கொடியும் பூவும் மின்னின. முனையில் மெழுகு ஒரு சொட்டு உறைந்திருந்தது. அதிகாரியே ஒரு நிமிஷம் பேனாவை மறந்தார்.

மச்சாது முனையைப் பிடித்து ஒடித்தார். அதற்குப் பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை. வெள்ளை நுரை மேஜையெல்லாம் உதிர்ந்தது.

"எப்ப வந்தது?"

"கப்பல் வாரதுக்கு முன்னாடியே."

"இதுக்கு முன்னாடி யாரும் ஒடிச்சுப் பார்க்கலையா?"

"இல்ல."

"ஒடிச்சிருந்தா சரியா எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். செண்பகவல்லி பக்கம் பார்த்தார், மச்சாது பக்கம் பார்த்தார்.

"ஒடிச்சுப் பார்த்திருக்க வேண்டியது யாரு? நான் எழுதணும். பேரைச் சொல்லுங்க."

மேஜைமேல் உதிர்ந்ததை மச்சாது உள்ளங்கையால் கூட்டி எடுத்தார்.

"இன்னாசி மச்சாது" என்றார்.