குடைக்கும் டார்ச்சுக்கும் என்ன உறவு?

ஒரு கார்ட்டூன் படத்துக்குள் ஒரு குடையும் ஒரு டார்ச்சும் குடியிருந்தன.

படம் ஓடும்போதெல்லாம் இரண்டும் முதலிலிருந்து நடித்தாக வேண்டும். கடைசிக் காட்சியில், கொட்டுகிற மழையில், கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாலத்தைக் கடக்கும். டார்ச் நனையாமல் குடை பார்த்துக்கொள்ளும். குடை விழாமல் டார்ச் வழி காட்டும். அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் என்று விட்டுவிடுவார்களா நம் ஆட்கள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரசிகர்கள் ஒரு சின்ன அரங்கில் கூடிப் படத்தைப் போடுவார்கள். கடைசிக் காட்சியை அப்படியே நிறுத்திப் பெரிதாக்குவார்கள். குடையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

“வெட்கம்! கன்னம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க. காதலேதான்,” என்பாள் ஜெசிந்தா.

“கண்ணைத் துடைச்சிட்டுப் பாரும்மா. அது குடும்ப மச்சம். ரெண்டும் கூடப் பிறந்ததுங்க. டார்ச்சுக்கும் அடியில ஒண்ணு இருக்கும்,” என்பார் அன்வர்தீன்.

“அட போங்க சார்! அது கோபம். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது,” என்பான் மகிழ்நன்.

உண்மையில் அது டீ. படம் வரைந்த பெண் குடித்த டீயில் ஒரு சொட்டு தாளில் தெறித்துவிட்டது. திரும்ப வரைய நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டாள், பாவம்.

இந்தச் சண்டையெல்லாம் படத்துக்குள் நன்றாகவே கேட்கும்.

“இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாங்க,” என்றது குடை.

“பேசிட்டுப் போகட்டும். நமக்கென்ன?”

“உனக்கென்ன! என்னைத்தானே பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கறாங்க. முன்னெல்லாம் மழை வந்தா சட்டுனு விரிஞ்சுடுவேன். இப்போ உன் பக்கம் சாய்ஞ்சா என்ன சொல்வாங்க, சாயலேன்னா என்ன சொல்வாங்கன்னு பயமா இருக்கு.”

“அப்போ நீயே சொல்லேன். நாம ஒருத்தருக்கொருத்தர் யாரு?”

குடை யோசித்துப் பார்த்தது. யோசிக்க யோசிக்கப் பயம்தான் இன்னும் அதிகமானது.

அடுத்த ஞாயிறு குடை ஒரு விரல் தள்ளி நடந்தது.

“ஊடல்!” என்றாள் ஜெசிந்தா.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு முழம் தள்ளி நடந்தது.

“கூடப் பிறந்ததுங்கன்னா சண்டை வராதா?” என்றார் அன்வர்தீன்.

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்றான் மகிழ்நன்.

படமே மாறிக்கொண்டு வருகிறதே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவரவருக்கு வேண்டிய ஆதாரம் அவரவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அங்கே டார்ச்சின் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அப்படியும் டார்ச் வழி காட்டிக்கொண்டே நடந்தது.

நாலாவது ஞாயிறு, பாலத்தின் நடுவில், டார்ச் அணைந்தே போனது.

திரை முழுக்க இருட்டு. “இந்த இருட்டுக்கு அர்த்தம் என்னன்னா…” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

குடைக்குப் பகீரென்றது. “ஏய்! எங்கே இருக்கே?”

குடை இருட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தது.

“ஏய், ஒரு வார்த்தை பேசேன்!”

தட்டுத் தடுமாறித் தேடியது. பாலத்தின் விளிம்பில், பாதி வெளியே தொங்கியபடி டார்ச் கிடந்தது. குடை அதை உள்ளே இழுத்துப் போட்டு, முழுசாக விரிந்து, மேலே கவிந்துகொண்டது.

“ரொம்ப நனைஞ்சுட்டியா? எல்லாம் என்னாலதான். பாழாப்போன பயம்.”

“கொஞ்சம்தான்,” என்றது டார்ச். மெல்ல வெளிச்சம் வந்தது.

திரையில் இரண்டும் ஒட்டி நின்றன. அரங்கமே எழுந்துகொண்டது.

“நிறுத்து, நிறுத்து! பெரிசாக்கு!”

குடை வெடவெடத்தது. மழை விட்டபாடில்லை. வெடவெடத்துக்கொண்டே, விரிந்தது விரிந்தபடி அங்கேயே நின்றது.