சம்பங்கிக் கிழங்கும் நெய்ப்பொங்கலும்

கொன்றைப்பாடி நாட்டை ஒரு காலத்தில் இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் தலையில் தூக்கி வைத்தவனை மாலையில் காலால் மிதிப்பான். ராணி குமுதவல்லி இறந்தபின் அந்தக் குணம் இன்னும் முற்றிப்போனது.

ராணி தன் கையால் வளர்த்த சம்பங்கியின் கிழங்குகளைப் பிரித்து, அவள் சமாதியைச் சுற்றி நடச் சொன்னான் ராஜா. நட்டவள் தோட்டக்காரி காத்தாயி. படையல் பொறுப்பு அரண்மனை அதிகாரி திருவடியானுக்கு. தினமும் சாயங்காலம் பாத்தி நடுவே இலை போட்டு, நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலை வைப்பார். விடிந்தால் இலை காலி.

“ராணியம்மாவே வந்து ஏற்றுக்கொண்டார்கள், மகாராஜா!” என்பார். ராஜா கண்கலங்கிப் போவான்.

ஆனால் பொங்கலோடு கிழங்கும் காணாமல் போனது. காத்தாயி இலந்தை முள்ளைப் பரப்பினாள், சுற்றிலும் கல் பதித்தாள். பெருச்சாளிகள் சட்டை செய்யவில்லை. நெய் வாசனைக்கு வந்து பொங்கலைத் தின்றுவிட்டு, அப்படியே கிழங்கையும் தோண்டின. அது அவளுக்குத் தெரியும். வாய்திறந்து எப்படிச் சொல்வது? மனைவி வந்து சாப்பிட்டுப் போகிறாள் என்ற நம்பிக்கையில்தானே அந்த மனிதன் உயிரோடு இருக்கிறான்!

“கிழங்கு போவதெல்லாம் இவள் அசட்டை, மகாராஜா” என்றார் திருவடியான். ராணி காத்தாயியிடம் காட்டிய பிரியம் அவருக்கு என்றுமே ஆகாது.

ராஜா சீறினான். “இன்னும் ஒரு கிழங்கு போனால் உன் வலது கை இருக்காது!”

காத்தாயி தன் கையைப் பார்த்தாள். கையில்லாமல் மண்ணை எப்படித் தொடுவது? ஆனாலும் நிதானமாகக் கும்பிட்டாள்.

“மகாராசா, அய்யாவோட பக்தி பெரிய பக்தி. ஏழு நாளைக்குப் படையலை அவர் வீட்டுக் கொல்லையில வைக்கச் சொல்லுங்க. அவர் கூப்பிட்டா ராணியம்மா அங்கயும் வருவாங்க.”

திருவடியானுக்குத் தலைகால் புரியவில்லை. “என் பாக்கியம்!” என்று பூரித்துப் போனார்.

ஐந்தாம் நாள், காத்தாயி சபையில் கிழங்குக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, திருவடியான் அங்கவஸ்திரம் தரையில் புரள ஓடிவந்தார்.

“மகாராஜா! என் சேனைக்கிழங்கெல்லாம் போச்சு! சுவரடியே பொந்தாகிவிட்டது! படையல் வாசனைக்குப் பெருச்சாளிப் பட்டாளமே வருகிறது! பொங்கலை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தோண்டுகிறது!”

தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

ராஜா சிம்மாசனத்தை விட்டு மெல்ல இறங்கினான். கோபம் வரவில்லை.

“அப்படியானால்... அவள் ஒருநாள்கூட வரவில்லையா, காத்தாயி?”

காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா உசிரோட இருந்தப்பவே, வாசல்ல பசிச்சு நிக்கிறவங்களுக்குப் போடாம இலையில உட்கார்ந்ததில்ல, மகாராசா. இப்ப மட்டும் தனியா வந்து சாப்பிடுவாங்களா?”

ராஜா திருவடியானைப் பார்த்தான்.

“இனி அந்தப் பொங்கல் கோட்டை வாசலில். உன் கையால் பரிமாறு. எல்லோரும் உண்டு எழுந்தபின் கடைசி இலை உனக்கு.”

ராணியின் கங்கணத்தை வரவழைத்து, வெட்டுவேன் என்று மிரட்டிய காத்தாயியின் வலது கையில் தானே பூட்டினான். காத்தாயி தோட்டத்துக்குத் திரும்பியதும் அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மிஞ்சிய கிழங்குகளுக்கு மண் அணைக்க உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் எதிரே ஒரு நிழல் விழுந்தது. ராஜா கிரீடத்தைப் புல்லில் வைத்துவிட்டு, “எவ்வளவு ஆழம் வேண்டும்?” என்று கேட்டான்.